உளுந்து வேருக்குள்ள ஒரு செவப்பு

நேத்து காலையில வயலுக்குப் போனப்ப ஒரு உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பாத்தேன்.

சம்பா அறுப்புக்கு ஒரு பத்து நாள் முன்னாடி, நெல்லு நிக்கறப்பவே ஊடால தெளிச்சு விட்ட உளுந்து. இப்ப 35 நாள் ஆவுது. உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. மண்ணுல மிச்சமிருந்த ஈரமும் ராத்திரிப் பனியும்தான். தாளுக்கு நடுவுல ஒண்ணரைச் சாண் வளந்து பூவெடுத்து நிக்குது. (மன்னார்குடி பக்கம் தை, மாசியில பஸ்ஸுல போனவங்க ரெண்டு பக்கமும் இந்தப் பச்சையைப் பாத்திருப்பீங்க.)

வேர்ல ஒட்டின மண்ணை உதறினேன். கடுகு அளவுல, மிளகு அளவுல முடிச்சு முடிச்சா இருந்துச்சு. ஒண்ணை நகத்தால கிள்ளினேன்.

உள்ள செவப்பு. விரல்ல ஒட்டிச்சு.

கூட வந்த அண்ணன் மக (எட்டு வயசு, எதையும் சும்மா விட மாட்டா) கேட்டா, "அத்தை, செடிக்கு ரத்தம் இருக்கா?"

கிட்டத்தட்ட ரத்தம்தான். லெக்ஹீமோகுளோபின்னு பேரு. நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போற ஹீமோகுளோபினுக்குப் பங்காளி. அதுல இருக்கற மாதிரியே இதுலயும் இரும்பு இருக்கு. அதான் அந்த நெறம்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏன்னா அந்த முடிச்சு உள்ள செவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா வேலை இன்னும் ஆரம்பிக்கல, இல்ல முடிஞ்சு போச்சு. என்ன வேலைன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி போன வாரம் நடந்த ஒரு சண்டையைச் சொல்லணும்.

ஒரு காதுகுத்து விசேஷம். பந்தியில எனக்கு ஒரு பக்கம் சித்தப்பா, இன்னொரு பக்கம் டவுன்லேருந்து வந்த ஒரு சொந்தக்காரர். அவர் சொன்னாரு, "யூரியாங்கறது விஷம். மண்ணைக் கொன்னுடுச்சு. ஆட்டு மூத்திரம், மாட்டு மூத்திரம் தெளிச்சாலே போதும்." சித்தப்பா விடுவாரா? "யூரியா போடாம பயிர் பச்சை கட்டுமா? நீ வந்து ஒரு மா பயிர் பண்ணிக் காட்டு." சாம்பார்லேருந்து பாயசம் வரைக்கும் இதே பேச்சு.

எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோவம். யூரியாங்கறதே மூத்திரத்துல கண்டுபிடிச்ச பொருள். 1828-ல வோலர்னு ஒரு ஜெர்மன்காரர்தான் முதல்ல அதை ஆய்வுக்கூடத்துல செஞ்சு காட்டினாரு. மூட்டையில இருக்கறதும் ஆட்டுக்குள்ளேருந்து வர்றதும் அணுவுக்கு அணு ஒரே யூரியா. விஷம்னா ரெண்டும் விஷம், சாப்பாடுன்னா ரெண்டும் சாப்பாடு. போடறதா வேண்டாமாங்கறது பாதிக் கேள்விதான். போட்டதுக்கு அப்புறம் அது எங்க போவுதுங்கறதுதான் மீதிப் பாதி. அதை ரெண்டு பேருமே கேக்கல.

நம்ம ஊர்ல நைட்ரஜனுக்கு தழைச்சத்துன்னு பேரு. அருமையான பேரு. இலை, தழை, சதை, ரோமம், நம்ம நகம், முடி எல்லாத்துலயும் இருக்கு. புரதம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இருக்கு. புரதத்தோட எடையில சுமார் 16 சதவீதம் நைட்ரஜன்தான்.

காத்துல 78 சதவீதம் இதுதான். ஒரு ஏக்கர் வயலுக்கு மேல நிக்கற காத்துல 30,000 டன்னுக்கு மேல நைட்ரஜன் இருக்கு. அத்தனைக்கும் அடியில நின்னுக்கிட்டு பயிர் தழைச்சத்து இல்லாம மஞ்சளாகுது! காத்துல ரெண்டு ரெண்டு அணுவா, மூணு கட்டுப் போட்டு இறுகிக் கெடக்கு. அந்தக் கட்டைப் பயிரால அவிழ்க்க முடியாது.

அவிழ்க்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. மின்னல் கொஞ்சம் அவிழ்க்கும். அப்புறம் ஃபாக்டரி. ஹேபர்னு ஒருத்தர் 1909-ல வழி கண்டுபிடிச்சு, போஷ்னு ஒருத்தர் அதைப் பெருசாக்கி, 1913-ல ஜெர்மனியில ஒப்பாவ்ங்கற ஊர்ல முதல் ஆலை ஓட ஆரம்பிச்சுது. 400, 500 டிகிரி சூடு, காத்தழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தம். நம்ம தூத்துக்குடியிலயும் மணலியிலயும் யூரியா வர்றது இந்த வழியிலதான்.

மூணாவது ஆளுதான் உளுந்து வேர்ல இருக்கற ரைசோபியம்ங்கற பாக்டீரியா. அந்த 500 டிகிரி வேலையை, சேத்துக்குள்ள, நம்ம உடம்புச் சூட்டை விடக் குறைஞ்ச சூட்டுல செய்யுது.

சும்மா செய்யல. கூலி உண்டு. செடி வெயில்ல சமைக்கற சர்க்கரையில ஒரு பங்கை வேருக்கு அனுப்பி இதுக்குச் சோறு போடுது. வீடும் கட்டிக் குடுக்குது, அந்த முடிச்சு. ஆனா ஒரு சிக்கல். கட்டை அவிழ்க்கற நொதி ஆக்சிஜன் பட்டா கெட்டுப் போயிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சு விட ஆக்சிஜன் வேணும். அதனாலதான் அந்தச் செவப்பு. ஆக்சிஜனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, தேவைக்கு மட்டும் சொட்டு சொட்டா குடுக்குது. (இதை அண்ணன் மகளுக்கு விளக்கறதுக்குள்ள நாலு முடிச்சு கிள்ளியாச்சு. அவளே ரெண்டு கிள்ளினா.)

ரெண்டு வருஷம் முன்னாடி கொல்லையில ரெண்டு பாத்தி போட்டுப் பாத்தேன். ஒண்ணுல உளுந்துக்கு யூரியா போட்டேன், இன்னொண்ணுல போடல. யூரியா போட்ட பாத்தி கருகருன்னு வளந்துச்சு. ஆனா வேர்ல முடிச்சை விரல் விட்டு எண்ணிடலாம். தட்டுல சோறு இருக்கறப்ப செடி எதுக்குக் கூலி குடுத்து ஆள் வெச்சுக்கும்?

விதைக்கு ரைசோபியம் கலக்கறவங்களுக்கு ஒண்ணு. ஆறின கஞ்சியில கலந்து விதையில பூசி, நிழல்ல உலத்தணும். நான் முதல் தடவை அவசரத்துல முத்தத்து வெயில்ல பரப்பிட்டேன். பொட்டலத்துல உயிர் இருக்குங்கறதை மறந்துட்டேன். அந்த வருஷம் முடிச்சும் கம்மி, செவப்பும் கம்மி.

சரி, நெல்லுக்கு வர்றேன். என்னை இதெல்லாம் யோசிக்க வெச்சது நெல்லுதான்.

எங்களுக்கு ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர். நான் பொறுப்பெடுத்த முதல் வருஷம், ஐப்பசியில மேலுரம் போடணும்னு சொன்னாங்க. மதியம் பன்னெண்டு மணி. வயல்ல ரெண்டு அங்குலம் தண்ணி நிக்குது. மேல பாசி பச்சையா மெதக்குது. நல்ல காத்து. விசிறி விட்டுட்டு வந்துட்டேன்.

ரெண்டாம் நாள் வரப்புல நடந்தப்ப மூக்கைக் குத்துச்சு. பழைய கழிப்பறை வாசம் மாதிரி. அது என்னன்னு அப்ப தெரியல. இப்ப தெரியும், அது என் யூரியா.

நடந்தது இதுதான். யூரியா தண்ணியில கரைஞ்சதும் அமோனியமா மாறுது. மதிய வெயில்ல பாசி தண்ணியில இருக்கற கரியமில வாயுவை உறிஞ்சுடும். அப்ப தண்ணியோட காரத்தன்மை ஏறும். காரம் ஏறினா அமோனியம் அமோனியா வாயுவா மாறிப் பறக்கும். மேல காத்து அடிச்சா இன்னும் வேகம். இப்படியே சில சமயம் போட்டதுல பாதிக்குப் பக்கம் காத்தோட போயிடும். நான் மதியம், நின்ன தண்ணி, பாசி, காத்து, நாலையும் ஒண்ணாச் சேத்து வெச்சிருக்கேன்.

பயிர் பச்சை கட்டல. "இன்னொரு மூட்டை போடு"ன்னு பக்கத்து வயல்ல சொன்னாங்க. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அவ்வளவு மலிவா இருந்தா யாரும் கை எடுக்க மாட்டாங்க. போட்டேன். அது பிடிச்சுக்கிச்சு. பயிர் கரும்பச்சையாச்சு. பாத்து சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரமே இலைச்சுருட்டுப் புழு. கார்த்திகை மழையில தண்டு தாங்காம பாதி வயல் சாய்ஞ்சு போச்சு. தழைச்சத்து கூடினா தண்டு சதை பிடிக்கும், பலம் பிடிக்காது. புழுவுக்கும் புகையானுக்கும் அந்த இளஞ்சதைதான் வேணும்.

பறந்தது போக இன்னொரு ஓட்டையும் இருக்கு. வயல்ல தண்ணி நிக்கறப்ப, சேத்தோட மேல்தோல் மட்டும்தான் காத்தைப் பாக்கும். அங்க இருக்கற பாக்டீரியா அமோனியத்தை நைட்ரேட்டா மாத்தும். களிமண்ணு அமோனியத்தை இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்கும். நைட்ரேட்டைப் பிடிக்காது. அது தண்ணியோட கீழ இறங்கும். கீழ காத்தே இல்லாத சேறு. அங்க வேற பாக்டீரியா காத்திருக்கு. ஆக்சிஜனுக்குப் பதிலா நைட்ரேட்டை வெச்சு மூச்சு விட்டு, திரும்ப நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிடும். ஃபாக்டரி அத்தனை சூட்டுல அவிழ்த்த கட்டை இது சேத்துக்குள்ளேயே திரும்பக் கட்டிடுது! நடுவுல கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாவும் தப்பிக்கும். பூமியைச் சூடாக்கறதுல அது கரியமில வாயுவை விட எடைக்கு எடை 270 மடங்குக்கு மேல.

(மேட்டு நிலத்துல நைட்ரேட் நேரா கிணத்துக்கு இறங்கும். குடிதண்ணியில லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுங்கறது நம்ம நாட்டுத் தரம். காய்கறிக்கு வாரி வாரிப் போடற ஊருல கிணத்துத் தண்ணியை ஒரு தடவை பரிசோதனைக்குக் குடுத்துடுங்க. கைக்குழந்தை இருக்கற வீடுன்னா கட்டாயம்.)

இப்ப நான் என்ன பண்றேன்னா, முதல் நாள் ராத்திரியே யூரியாவோட ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து வெச்சுடுவேன். அஞ்சுக்கு நாலுக்கு ஒண்ணு. 2015-லேருந்து யூரியாவே வேப்பெண்ணெய் பூசித்தான் வருது, இருந்தாலும் கலப்பேன். அமோனியத்தை நைட்ரேட்டாக்கற பாக்டீரியாவை வேம்பு கொஞ்சம் மந்தமாக்கும். மறுநாள் தண்ணியை வடிச்சுட்டு, சாயங்காலமாப் போட்டு, அப்புறம் மடை திறப்பேன். வாரம் ஒரு தடவை இலை வண்ண அட்டையை எடுத்துட்டுப் போய் இலையோட ஒப்பிட்டுப் பாப்பேன். வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் நம்பர் பச்சைக்குக் கீழ போனாத்தான் உரம். மத்த ரகத்துக்கு 4. இலை கேக்காதப்ப மூட்டையைப் பிரிக்கறதில்ல. இப்ப எங்க வயல்ல பாதி யூரியாதான் போவுது, மகசூல் குறையல.

மீதிப் பாதி எங்கேருந்து வருதுன்னா, ஆட்டுக்கிட்டேருந்து.

கிடை போடறது தெரியும்ல? உளுந்து அறுத்து வயல் காலியானதும், பங்குனி, சித்திரையில ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துலேருந்து கீதாரிங்க ஆட்டை ஓட்டிக்கிட்டு நடந்தே வருவாங்க. பகலெல்லாம் தாளு, வரப்பு, வாய்க்காக் கரைன்னு மேய்ச்சல். பொழுது சாஞ்சா நம்ம வயல்ல வலை கட்டி அடைச்சுடுவாங்க. மறுநாள் ராத்திரி வலை தள்ளிப் போவும். இப்படி வயல் முழுக்க. அந்த நாலஞ்சு ராத்திரியில வயல்ல குட்டிங்க கத்தற சத்தமும், கீதாரி குடும்பம் அடுப்புக் கூட்டி ஆக்கற வாசமும், எனக்கு அது திருவிழா மாதிரி.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். ஆடு தழைச்சத்தை உண்டாக்கறதில்ல. ஊரெல்லாம் மேய்ஞ்சு, நம்ம கைக்கு எட்டாத கரையிலயும் புறம்போக்குலயும் இருக்கறதைத் தூக்கிட்டு வந்து நம்ம வயல்ல எறக்குது. திங்கறதுல பெரும்பகுதி வெளிய வந்துடும், உடம்புல தங்கறது கொஞ்சம். புழுக்கையில இருக்கறது மெதுவா மக்கிக் கிடைக்கும். மூத்திரத்துல இருக்கறது யூரியா, உடனே கிடைக்கும், உடனே பறக்கும்.

(இன்னொரு அதிசயம். தீனியில புரதம் குறைஞ்சா, ஆடு மாடு தன் உடம்புல வர்ற யூரியாவை முழுசா வெளிய விடாது. எச்சில் வழியா திரும்ப வயித்துக்கே அனுப்பும். அசைபோடற வயித்துல இருக்கற நுண்ணுயிர் அதைப் புரதமாக்கும், மாடு அந்த நுண்ணுயிரையே செரிச்சுக்கும். வெறும் வைக்கோல் தின்னுட்டு மாடு உசிரோட நிக்கறதுல இதுக்கும் பங்கு உண்டு.)

முதல் தடவை கிடை போட்டப்ப நான் பத்து நாள் உழாம விட்டேன். டிராக்டர் கிடைக்கல. அடுத்த வருஷம் கீதாரிப் பெரியவர் ஒருத்தர் வந்தப்ப முதல் வார்த்தையே அதுதான். "தாயி, போன வருசம் உழாமப் போட்டுட்டியாமே? வாசம் போறதுக்குள்ள உழுதுரணும். பெறவு உழுதா புழுக்கைதான் மிச்சம்."

அவர் பள்ளிக்கூடம் போகாதவர். நான் புத்தகத்துல மூணு வருஷமாப் படிச்சு, அமோனியா, காரத்தன்மைன்னு எழுதி வெச்சிருந்ததை ஒரே மூச்சுல சொல்லிட்டாரு. கையெடுத்துக் கும்பிடணும்னு தோணுச்சு. இப்ப டிராக்டருக்கு முதல்ல தேதி வாங்கிட்டுத்தான் கிடைக்கே சொல்றது.

உழுதும் ஒரு பிரச்சினை பாக்கி இருக்கு. கோடையில காஞ்ச மண்ணு நல்லா காத்து குடிக்கும். அப்ப புழுக்கையும் வேரும் மக்கி நைட்ரேட்டா சேந்துக்கிட்டே இருக்கும். ஆடியில தண்ணி வந்து வயல் நெறைஞ்சதும் அந்த நைட்ரேட் கீழ இறங்கி, நான் சொன்ன அந்தக் காத்தில்லாத பாக்டீரியா வாயில விழுந்துடும். நாலு மாசம் சேத்தது நாலு வாரத்துல காலி.

அதனால நடுவுல தக்கைப்பூண்டு. ஆனி மழைக்கு ஏக்கருக்கு 20 கிலோ தெளிச்சுடுவேன். சேந்த நைட்ரேட்டை அது குடிச்சுத் தழையாக்கி வெச்சுக்கும். வேர் முடிச்சால காத்துலேருந்தும் எடுக்கும். 45 நாள்ல பூ விடற சமயம் மடக்கி உழுதா, இளந்தழை சேத்துல அழுகி நட்ட நாத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கிடைக்கும். சித்தப்பாவும் போன வருஷம் ரெண்டு மா தக்கைப்பூண்டு தெளிச்சாரு. யூரியாவை விடல. ஆனா ரெண்டாவது மேலுரத்தை அவரே நிறுத்திட்டாரு.

இவ்வளவு பாடுபட்டு வெச்சுக்கிட்டது கடைசியில எங்க போவுது? ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையா 30 மூட்டை நெல்லு வண்டி ஏறினா, அதுக்குள்ள சுமார் 20 கிலோ நைட்ரஜன் ஏறிடுது. ஒரு யூரியா மூட்டையில இருக்கறதும் அதே 20 கிலோ சொச்சம்தான். நெல்லு அரிசியாகி, திருச்சிக்கும் சென்னைக்கும் போய், சோறாகி, சாக்கடையில கலந்து கடலுக்குப் போவுது. வளந்த ஆளு ஒருத்தர் உடம்புலேருந்து வருஷத்துக்கு சுமார் 4 கிலோ நைட்ரஜன் வெளிய போவுது, அதுல பெரும்பகுதி மூத்திரத்துல. அஞ்சு பேரு இருக்கற வீடு வருஷத்துக்கு ஒரு யூரியா மூட்டையைக் கழிப்பறையில ஊத்துது. ஆடு திருப்பிக் குடுக்குது, மாடு திருப்பிக் குடுக்குது, நாம மட்டும் திருப்பறதில்ல. முசிறியில மூத்திரத்தைத் தனியாப் பிரிச்சுச் சேக்கற கழிப்பறை கட்டி அதைப் பயிருக்குக் குடுத்தாங்க. நான் அதைக் கேலி பண்ண விட மாட்டேன். ஊருக்கு ஊரு வரணும்.

அதெல்லாம் அரசாங்கம் மனசு வெக்கணும். நம்ம கையில இருக்கறது உளுந்து.

உளுந்து போட்டா மண்ணுக்குத் தழைச்சத்து சேந்துடும்னு எல்லாரும் சொல்றோம். முழுசா உண்மை இல்ல. செடி எடுத்த தழைச்சத்துல பெரும்பங்கை அது பருப்புலதான் கொண்டுபோய் வெக்குது, அதை நாம வீட்டுக்குக் கொண்டு வந்துடறோம். மண்ணுக்கு மிஞ்சறது உதிர்ந்த இலையும் வேரும் முடிச்சும்தான். அந்த வேரையும் சேத்துப் பிடுங்கி, களத்துல போட்டு அடிச்சு, காஞ்ச செடியை மாட்டுக்குப் போட்டுடறது எங்க ஊர் வழக்கம். ஈர மண்ணுல பிடுங்கறது சுலபம், அதனால. நானும் மூணு வருஷம் அப்படித்தான் செஞ்சேன்.

போன மாசியிலேருந்து மூணு மாவுல மட்டும் அடியோட அரிவாளால அறுக்கச் சொன்னேன். ஆளுங்க முணுமுணுத்தாங்க, நேரம் ஆவுதுன்னு. கூலி கொஞ்சம் கூட்டிக் குடுத்தேன். மாட்டுக்குப் போன செடிக்குப் பதிலா அந்த மாட்டுச் சாணத்தைத் திரும்ப அதே மூணு மாவுக்குக் கொண்டு வந்து போட்டேன். இந்தச் சம்பாவுல அந்த மூணு மாவோட பச்சை இலை அட்டையில ஒரு வாரம் கூடுதலா தாங்குச்சு.

இன்னும் முப்பது, முப்பத்தஞ்சு நாள்ல உங்க உளுந்தும் அறுப்புக்கு வந்துடும். இந்தத் தடவை வேரோட பிடுங்காதீங்க. ஒரு மாவுல மட்டுமாவது அரிவாள் போட்டுப் பாருங்க.